போதும் என்னும் காவலன்

நெல்லை விளைவிப்பது ஒரு கலை. விளைந்த நெல்லைக் குதிரிலிட்டு, அடுத்த போகம் வரையும் எலியும் பூஞ்சணமும் அணுகாமற் காப்பது மற்றொரு கலை. வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்போர் பலர் முதலாவது கலையிற் காட்டும் அக்கறையை இரண்டாவதிற் காட்டுவதில்லை. கூரைமேற் சாய்ந்து கிடக்கும் சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்க வல்லது. அது பகலில் ஈட்டும் மின்னை இரவுக்கென வைத்திருக்கும் பற்றரியோ, பல வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உயிரிழந்துவிடுகிறது. வீட்டாரும் "பற்றரிக்கு வயது போய்விட்டது" என்று சொல்லிப் புதியது வாங்கப் பணம் தேடுகின்றனர். அவ்வாறு வீசப்படும் பற்றரிகளுட் பல முதுமையால் மாண்டவையல்ல; கவனியாமையாற் கொல்லப்பட்டவை.

அக்கொலையைத் தடுப்பதற்கென்றே தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையில் ஒரு சிறு பெட்டி வைக்கப்படுகிறது. மின்னேற்றக் கட்டுப்படுத்தி என்பது அதன் பெயர். கடைக்காரர் 'சார்ஜ் கொன்ட்ரோலர்' என்பர். ஒரு கைப்புத்தகத்தின் அளவேயுள்ள அப்பெட்டி எவ்வாறு சிந்தித்து அமைக்கப்படுகிறது என்பதை இவ்வாரம் ஆராய்வோம். மாணவர்களுக்கு இதிற் பௌதிகமும் இரசாயனமும் உண்டு. வீட்டுச் செலவைப் பார்ப்போருக்கு இதிற் பணக்கணக்கும் உண்டு.

நம் நாட்டுக்கு இது புதிய விடயமன்று. உலக வங்கியின் உதவியுடன் 1997 இல் ஆரம்பித்த மின்சக்தித் திட்டமும், அதனைத் தொடர்ந்து 2002 இல் வந்த திட்டமும், மின்கம்பி எட்டாத கிராமங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய விளக்குகளைக் கொண்டு சென்றன. அவற்றுட் பெருந்தொகையானவை தவணைக் கடனில் வாங்கப்பட்டவை. இன்று மின்வலை ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டிவிட்டது. ஆயினும் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, பற்றரியின் அருமையை நகரத்தாரும் உணர்ந்தனர். பற்றரியின்றி மின்வலையோடு மட்டும் இணைக்கப்பட்ட கூரைத் தகடுகள், மின்வலை நின்றதும் பாதுகாப்புக் கருதித் தாமும் நின்றுவிடும். இருட்டில் ஒளி வேண்டுமாயின் சேமிப்பும் வேண்டும். சேமிப்பு நிலைக்கவேண்டுமாயின் காவலும் வேண்டும்.

பற்றரியின் உள்ளே

ஈயவமிலப் பற்றரியைப் பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளான்ரே 1859 இல் அமைத்தார். இன்று நாம் வாங்கும் 12 உவோல்ற்றுப் பற்றரியினுள் ஆறு கலங்கள் தொடராக உள்ளன. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 உவோல்ற்றுத் தரும். ஒரு தகடு ஈயம். மற்றத் தகடு ஈயவீரொட்சைட்டு. இரண்டுக்கும் நடுவே ஐதான சல்பூரிக்கமிலம்.

மின்னை நாம் எடுக்கும்போது இரு தகடுகளும் சிறிது சிறிதாக ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. ஆகவேதான் நீரமானியை இட்டுப் பார்த்தால், நிறைந்த பற்றரியில் 1.26 அளவில் நிற்கும் தன்னீர்ப்பு, வெறுமையான பற்றரியில் 1.12 அளவுக்கு இறங்கியிருக்கும். மின்னேற்றும்போது இம்மாற்றம் முழுவதும் பின்னோக்கி நடக்கிறது. சல்பேற்று கரைந்து ஈயமும் ஈயவீரொட்சைட்டும் மீள்கின்றன. அமிலம் மீண்டும் செறிவடைகிறது.

பற்றரி ஓய்ந்திருக்கும் வேளையில் அதன் மின்னழுத்தத்தைக் கொண்டும் நிலைமையை ஊகிக்கலாம். 12.7 உவோல்ற்று அளவில் இருந்தால் நிறைவு, 12.2 அளவில் ஏறத்தாழப் பாதி, 11.8 ஆயின் வெறுமை. நிறைவுக்கும் வெறுமைக்கும் உள்ள இடைவெளி ஓர் உவோல்ற்றுக்கும் குறைவே என்பதை வாசகர் மனத்திற் கொள்க. காவலன் இக்குறுகிய இடைவெளிக்குள்தான் தன் தீர்ப்புகளையெல்லாம் வழங்கவேண்டும்.

இரு வகைச் சாவு

பற்றரி இரு வழிகளிற் சாகிறது. முதலாவது, நிறைந்த பின்னும் ஊட்டுதல். சல்பேற்று முழுவதும் மாறிய பின்னரும் மின்னோட்டம் புகுந்தால், அது செய்வதற்கு வேறு வேலையின்றி நீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. கலமொன்றில் ஏறத்தாழ 2.4 உவோல்ற்று, அதாவது பற்றரி முழுவதற்கும் 14.4 உவோல்ற்று ஆகும்போது, ஐதரசனும் ஒட்சிசனும் குமிழியிட்டு வெளியேறுகின்றன. நீர் வற்றித் தகடுகளின் தலை வெளியே தெரிகிறது. நேர்த்தகட்டின் ஈயச்சட்டகம் அரிக்கப்படுகிறது. வெளியேறும் ஐதரசன் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கவும் கூடும். பற்றரியை அடுப்படியிலோ, விளக்கேற்றும் சாமியறையிலோ வைத்தலாகாது என்பது இதனாலேயே.

இரண்டாவது, வெறுமையாக விட்டு வைத்தல். புதிதாய் உண்டான ஈயச்சல்பேற்று மிக நுண்ணிய பளிங்குகளாய் இருக்கும், எளிதிற் கரையும். பற்றரியை வெறுமையாக்கி நாட்கணக்கில் விட்டால் அப்பளிங்குகள் பருத்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் எறித்தாலும் அவை முற்றாகக் கரையா. அந்த அளவுக்குத் தகடு பயனற்றதாகிறது. நூறு அம்பியர்மணி கொள்ளும் என்று எழுதப்பட்ட பற்றரி நாற்பதே கொள்ளும் நிலைக்கு வந்துவிடும்.

ஆகவே காவலனுக்குத் தெரியவேண்டிய சொற்கள் இரண்டு. தகட்டை நோக்கிப் "போதும்" என்றும், விளக்கை நோக்கி "இனி இல்லை" என்றும் அது சொல்லவேண்டும். அவற்றை எப்போது சொல்வது, எவ்வாறு சொல்வது என்பதே வடிவமைப்பின் முழு உள்ளடக்கமும்.

பால் பொங்கும் வேளை

சூரியத் தகட்டின் இயல்பை முதலில் அறிவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் ஆக்கிய சிலிக்கன் சூரியக்கலம் 1954 ஏப்பிரலில் உலகுக்குக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஜோர்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்னும் ஊரில் ஒரு கிராமத் தொலைபேசி இணைப்புக்கு அத்தகைய கலங்களால் மின்னூட்டிப் பார்த்தனர். அங்கும் இரவுக்கென ஒரு சேமிப்புக்கலம் உடனிருந்தது. சூரியக்கலமும் சேமிப்புக்கலமும் தொடக்கமுதலே இணைபிரியாத் துணைகள் எனலாம்.

12 உவோல்ற்றுப் பற்றரிக்கென விற்கப்படும் தகட்டில் வழமையாக 36 கலங்கள் உண்டு. எதனோடும் இணைக்காமல் வெயிலிற் பிடித்தால் அது 21 உவோல்ற்று அளவு காட்டும். நேரே பற்றரியிற் பொருத்திவிட்டால், நிறைந்த பின்னும் அது பற்றரியை 14.4 என்னும் எல்லைக்கு அப்பால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அவ்வெல்லை வந்ததும் தகட்டை அடியோடு துண்டித்துவிட்டால் என்ன? பழைய கட்டுப்படுத்திகள் அவ்வாறே செய்தன. அதில் ஒரு குறை உண்டு. மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தம் சற்று உயர்ந்தே தோன்றும், 14.4 ஐத் தொட்ட கணத்தில் பற்றரி உண்மையில் முற்றாக நிறைந்திராது. பால் பொங்கி வரும்போது நம் தாய்மார் செய்வதை நினைத்துப் பாருங்கள். அடுப்பை அவர்கள் அணைப்பதில்லை. விறகைச் சிறிது வெளியே இழுக்கின்றனர். பால் வழியாமலும் காய்ச்சல் நிற்காமலும் நெருப்பு அளவாய் எரிகிறது. நல்ல கட்டுப்படுத்தியும் அதையே செய்கிறது. முதலிற் கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் உள்ளே விடுகிறது. 14.4 ஐ அடைந்ததும் அம்மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. பற்றரி உண்டு தணிந்ததும் 13.6 உவோல்ற்று அளவுக்கு இறங்கி, தானாகக் கசிந்து குறைவதை மட்டும் ஈடுசெய்கிறது.

மின்னோட்டத்தைக் குறைக்கும் முறை எளிது. தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள மொஸ்பெற் என்னும் திரான்சிற்றர் ஓர் ஆளியாக நின்று, நொடிக்குப் பற்பல முறை மூடித் திறக்கிறது. மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் சராசரி மின்னோட்டத்தை வேண்டியவாறு அமைக்கலாம். வேறு சில கட்டுப்படுத்திகள் தகட்டின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று குறுக்கே இணைத்துவிடுகின்றன. பற்றரியைக் குறுக்கே இணைத்தால் தீப்பிடிக்கும்; சூரியத் தகட்டை இணைத்தாலோ ஒரு தீங்கும் நேராது. அதன் மின்னோட்டம் வெயிலின் அளவுக்கு மேற் செல்ல முடியாதது என்பதே காரணம். நூறு உவாற்றுத் தகடு அவ்வேளையிலும் 6 அம்பியர் அளவுக்கு மேல் தராது.

மாணவர்க்கு ஒரு கணக்கு

மின்னழுத்தம் 14.4 ஆயிற்று என்பதை அப்பெட்டி எவ்வாறு அறிகிறது? அதனுள் ஒரு மாறா அளவுகோல் உண்டு. 2.5 உவோல்ற்றை என்றும் வழுவாமல் தரும் ஒரு சிறு பகுதி அது. பற்றரியின் மின்னழுத்தத்தை இரு தடைகளாற் பங்கிட்டுச் சுருக்கி, அவ்வளவுகோலோடு ஒப்பிடுகிறார்கள். கீழ்த்தடை 10,000 ஓம், மேல்தடை 47,600 ஓம் என்க. மொத்தம் 57,600 ஓம். பற்றரியில் 14.4 உவோல்ற்று இருக்கும்போது கீழ்த்தடையின் குறுக்கே 14.4 ஐ 57,600 ஆல் வகுத்து 10,000 ஆற் பெருக்கக் கிடைப்பது சரியாக 2.5 உவோல்ற்று. அக்கணத்தில் ஒப்பிடும் சுற்று தன் தீர்ப்பை மாற்றுகிறது.

இனி ஒரு கேள்வி. விளக்குகளை 11.5 உவோல்ற்றில் அணைக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். மீண்டும் எப்போது ஏற்றுவது? அதே 11.5 என்று விடை சொல்லும் மாணவர் தம் சுற்றை மேசைமீது வைத்துப் பார்க்கட்டும். பாரம் நீங்கியதும் பற்றரியின் மின்னழுத்தம் தானே எழும். சில நிமிடங்களில் 12 ஐயும் எட்டும். உடனே விளக்கு எரியும், எரிந்ததும் மின்னழுத்தம் சரியும், மறுபடி அணையும். இரவு முழுவதும் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பற்றரியும் துளித்துளியாக உறிஞ்சப்படும். ஆதலால் அணைக்கும் எல்லை 11.5 ஆயின் மீட்கும் எல்லையை 12.6 அளவில் வைக்கின்றனர். மறுநாள் வெயில் பட்டுப் பற்றரி ஓரளவு தேறிய பின்னரே விளக்கு மீளும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி இல்லையேல் காவலனுக்கு மன உறுதியே இல்லை எனலாம்.

வெப்பமும் கம்பியும்

மேலே சொன்ன எண்கள் 25 பாகை செல்சியசுக்கு உரியவை. வெப்பம் ஏற ஏறப் பற்றரி குறைந்த மின்னழுத்தத்திலேயே குமிழியிடத் தொடங்கும். கலமொன்றுக்குப் பாகைக்கு 4 மில்லியுவோல்ற்று என்று கொண்டால், ஆறு கலங்களுக்கு 24. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ நண்பகலில் 35 பாகையில் இருக்கும் பற்றரிக்கு எல்லையை 0.24 உவோல்ற்றுக் குறைத்து 14.16 ஆக்கவேண்டும். நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் அதே அளவு கூட்டி 14.64 ஆக்கவேண்டும். ஒரே எண்ணை இரண்டு ஊர்களுக்கும் வைத்தால் ஓரூரில் நீர் வற்றும். மற்றோரூரில் பற்றரி அரைவயிற்றோடு கிடக்கும். ஆகவே நல்ல கட்டுப்படுத்தியில் வெப்பத்தை உணரும் ஓர் உறுப்பு இருக்கும். அது பற்றரியின் உடலிலேயே ஒட்டப்பட்டிருத்தல் சிறப்பு.

கம்பியும் பொய் சொல்லும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக்கம்பி மீற்றருக்கு 0.012 ஓம் அளவு தடை உடையது. கட்டுப்படுத்தியைப் பற்றரியிலிருந்து ஐந்து மீற்றருக்கு அப்பால் வைத்தால், போக வர 10 மீற்றர், தடை 0.12 ஓம். அதனூடாக 5 அம்பியர் பாய்ந்தால் 0.6 உவோல்ற்று வழியிலேயே தொலையும். கட்டுப்படுத்தி 14.4 எனக் கண்டு "போதும்" என்று சொல்லும்போது, பற்றரியில் இருப்பது 13.8 மட்டுமே. நாளும் அரைப்பட்டினி கிடக்கும் அப்பற்றரி, நாம் முன்பு கூறிய இரண்டாவது வகைச் சாவை நோக்கிச் செல்லும். தடித்த கம்பியும் குறுகிய தூரமும் இதற்குப் பரிகாரம். எனினும் அமில ஆவி எழும் இடமாதலால் பற்றரிக்கு நேர் மேலே பெட்டியைப் பொருத்தலாகாது.

இரவில் மற்றொரு களவு நடக்கும். வெயில் மறைந்ததும் தகடு ஈட்டுவதை நிறுத்தி, பற்றரியிலிருந்து சிறிது மின்னை உறிஞ்சத் தொடங்கும். ஒரு திசையில் மட்டும் மின்னைச் செல்லவிடும் இருவாயி அதனைத் தடுக்கும். ஆனால் சிலிக்கன் இருவாயி பகலில் தானும் 0.6 உவோல்ற்று அளவைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். 5 அம்பியர் பாய்ந்தால் 3 உவாற்று வெப்பமாய் வீணாகும். அதனால் இக்காலக் கட்டுப்படுத்திகள் பலவற்றில் இருவாயியின் வேலையையும் மொஸ்பெற்றே செய்கிறது.

மறுப்பதிலும் ஒரு முறை உண்டு

இதுவரை கூறியவை எல்லாம் எண்களால் முடிப்பவை. எண்களால் முடிக்க இயலாத ஒன்று எஞ்சியிருக்கிறது. சூரிய விளக்குகள் பரவிய நாடுகளிற் பழுது பார்க்கச் சென்றோர் கண்ட காட்சி ஒன்று உண்டு. கட்டுப்படுத்தி சுவரிலே இருக்கும். அதன் சிவப்பு விளக்கும் எரியும். ஆனால் ஒரு துண்டுக் கம்பி அதனைச் சுற்றிச் சென்று, தொலைக்காட்சிப் பெட்டியை நேரே பற்றரியோடு இணைத்திருக்கும். காவலன் "இனி இல்லை" என்றான். வீட்டார் காவலனை ஒதுக்கிவிட்டனர். சில மாதங்களிற் பற்றரி பாழாகும், கடனோ தொடரும்.

வீட்டாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நாளை பரீட்சை, பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது, ஒன்பது மணிக்கு ஒரு முன்னறிவிப்புமின்றி விளக்கு அணைகிறது. அவ்வேளையில் ஈயச்சல்பேற்றின் பளிங்கைப் பற்றி எந்தத் தந்தைதான் சிந்திப்பார்? கம்பியைத் தேடத்தான் செய்வார். திடீரென மறுக்கும் பெட்டியை ஆக்கியவர், அக்கம்பிக்குத் தாமும் ஓரளவு பொறுப்பாளி ஆவார்.

ஆகையால் நல்ல வடிவமைப்பு மறுப்பதற்கு முன் எச்சரிக்கும். பற்றரி 12 உவோல்ற்று அளவுக்கு இறங்கியதும் மஞ்சள் விளக்கு எரியட்டும். வீட்டார் மின்விசிறியை நிறுத்திக்கொள்வர். அடுத்து, எல்லாப் பாரத்தையும் ஒரே வாசலால் விடாமல் இரண்டு வாசல்கள் வைத்தல் நன்று. தொலைக்காட்சியும் விசிறியும் 11.8 இல் நிற்கட்டும். படிக்கும் விளக்கு 11.5 வரை எரியட்டும். 5 உவாற்று விளக்கொன்று அரை அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். பெரும் பாரங்கள் நின்றபின் எஞ்சும் சிறு மிச்சத்திலும் அது மணிக்கணக்கில் எரியும். பற்றரியும் காக்கப்படும், பிள்ளையின் படிப்பும் நில்லாது. இவ்வாறு அமைக்கப்பட்ட காவலனை ஒதுக்கிவிட்டுக் கம்பி தேடுவோர் அரியர்.

இன்றைய நிலை

இப்போது இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிகள் பல வீடுகளுக்கு வந்துள்ளன. அவற்றிற் சல்பேற்றுப் பளிங்கு என்னும் நோய் இல்லை. ஆயினும் எல்லைகள் அங்கும் உண்டு. கலமொன்று 3.65 உவோல்ற்றுக்கு மேலும் 2.5 உவோல்ற்றுக்குக் கீழும் செல்லலாகாது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்கும் சுற்று பற்றரிப் பெட்டியினுள்ளேயே இருக்கும். அது கடைசிக் காவல். வெளியிலுள்ள கட்டுப்படுத்திக்கு அது பதிலாகாது. ஈயப்பற்றரிக்கென அமைத்த எண்களை மாற்றாமல் இலிதியப் பற்றரியைப் பொருத்துதல் தவறு.

கட்டுப்படுத்தி வாங்கச் செல்வோர் கடையிற் கேட்கவேண்டியவை சில. பற்றரியின் வகைக்கேற்ப எல்லைகளை மாற்றலாமா? வெப்பத்தை உணரும் உறுப்பு உண்டா? அணைக்கும் எல்லையும் மீட்கும் எல்லையும் எவை? அணைக்குமுன் எச்சரிக்குமா? பொருத்தும்போது பெரும்பாலான பெட்டிகளுக்கு முதலிற் பற்றரியையும் பின்னரே தகட்டையும் இணைக்கவேண்டும். கழற்றும்போது தகட்டை முதலிற் கழற்றவேண்டும். பற்றரிக்கு அண்மையில் ஓர் உருகி கட்டாயம் வேண்டும்.

நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் மாதமொருமுறை மூடி திறந்து பார்த்து, குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுக. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஊறுவது; எவ்வளவு தெளிவாய்த் தோன்றினாலும் அதிற் கரைந்துள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். கட்டுப்படுத்தி எவ்வளவு சிறந்ததாயினும் இந்த ஒரு வேலையை வீட்டாரே செய்யவேண்டும்.